தரணியின் ரப்பர் கட்டைகள்

தரணி ரப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அவசர வேலை வந்துவிடும். கணவன் சுதீர் வண்டிச் சாவியைத் தேடுவான். அண்ணன் தமிழரசு நூல் லோடு வந்ததா என்று பார்க்க வாசலுக்குப் போவான். அண்ணி யமுனா மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்பாள். கேட்டு முடித்து, "சரி, எழுந்து வா, சோறு துன்னு" என்பாள்.

சொல்லப்போனால் விஷயம் அவ்வளவு கடினமானதல்ல. ரப்பரை அழுத்தி விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உருவம் திரும்புகிறது. ஆனால் வாங்கியதை அது முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஒவ்வோர் அழுத்தத்திலும் கொஞ்சத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது. அந்தக் கொஞ்சம்தான் சூடு. ஒரு தடவை அழுத்தினால் தெரியாது. காலையிலிருந்து ஒரே தாளத்தில் அழுத்தி அழுத்தி விட்டால் கட்டையின் நடுவயிறு முதலில் வெதுவெதுப்பாகி, பிறகு சுடத் தொடங்கும். சூடு ஏறினால் ரப்பர் இளகும். இளகினால் இன்னும் ஆழமாக அமுங்கும். ஆழமாக அமுங்கினால் இன்னும் சூடு. இந்தச் சுற்று எங்கே போய் நிற்கும், நிற்குமா நிற்காதா என்பதைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வதுதான் தரணியின் ஆராய்ச்சி. சுமையை இரட்டிப்பாக்கினால் அமுக்கமும் இரட்டிப்பாகும் என்கிற பள்ளிக்கூடக் கணக்கு ரப்பரிடம் செல்லாது. அதனால்தான் அந்தத் தலைப்பை அவளுக்கு முன்னால் வந்த மாணவர்கள் யாரும் எடுக்கவில்லை.

இதைக் கேட்கிற சிலர், மனுஷங்களும் இப்படித்தானே மேடம் என்று ஆரம்பிப்பார்கள். தரணிக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. "ரப்பருக்கு வாய் கெடயாது. மனுஷங்களுக்கு இருக்குது" என்பாள்.

அவளுடைய ஊர் ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கம். அப்பாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும் விவசாயம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள். கோபம் தமிழில் வரும், கடைப்பேச்சு தெலுங்கில் வரும், எண்கள் ஆங்கிலத்தில்தான் வரும். புத்தூர் அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே திருப்பதியில் பகுதிநேர ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமைதோறும் பஸ். போகும்போது மலைக்குப் போகிறவர்களின் நெரிசலில் நின்றுகொண்டு, வரும்போது சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு. அவளைப் பெரிய அறிவாளி என்று சொல்ல முடியாது. பிடித்ததை விடாத குணம் இருந்தது. அது எல்லா நேரத்திலும் நல்ல குணம் என்றும் சொல்ல முடியாது.

அண்ணன் தமிழரசு கடலை விவசாயத்தை விட்டுவிட்டு நகரிக்குப் போய் ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி போட்டான். லுங்கி நெய்கிற தறிகள். தெருவோடு ஒட்டிய வீட்டின் முன்பாதி ஷெட், பின்பாதி குடித்தனம். அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். பிறந்த குழந்தைகூட அங்கே தறிச் சத்தத்தில் தூங்கும். மின்சாரம் நின்றால்தான் விழித்து அழும்.

செங்கம்மா மட்டும் அப்படிப் பழகியவள் அல்ல. தமிழரசின் ஷெட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவளுடைய தாயும் தகப்பனும் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். செங்கம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து, புருஷன் போன பிறகும் விடாமல் செய்து, அந்த வீட்டைக் கட்டினாள். அவள் வம்சத்தில் முதல் கான்கிரீட் கூரை அது. கூரை போட்ட மறுவருஷமே பொதுச்சுவரில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் ஓடியது. அடுத்த வருஷம் அது விரல் நுழையும் அகலமானது. அலமாரியில் வைத்த டம்ளர் தறியின் அதிர்வில் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்தது.

அவள் தமிழரசிடம் நேராக வந்தாள்.

"தம்பி, உன் தறி என் வூட்ல நடந்துக்கினு கீது. ஒண்ணு உன் தறிய நிறுத்து, இல்ல என் செவுத்த வாங்கிக்க."

"எங்கக்கா நிறுத்தறது? தறி நின்னா நாங்க இன்னா மண்ணா துன்றது?"

"நீ மண்ணு துன்றியோ இல்லியோ, என் செவுருதான் மண்ணா கொட்டுது. நான் முனிசிபாலிட்டில மனு குடுக்கறேன். பெறகு என்னய சொல்லாத."

மனு போனால் தறி நின்றுவிடும் என்பது தமிழரசுக்குத் தெரியும். குடியிருப்புக்குள் ஓடுகிற ஷெட். ஆபீசர் வந்து பார்த்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. வேறு இடத்துக்குத் தூக்கிப்போக இடமும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தரணி அங்கே இருந்தாள். தன் ஆராய்ச்சிக்கு உலகத்தில் ஓர் இடம் உண்டு என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது அப்போதுதான். எழுந்து செங்கம்மாவின் பின்னாலேயே போனாள்.

"செங்கம்மாக்கா, எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. தறிக் காலுக்கு அடியில ரப்பர் கட்டை வெக்கறேன். அதிர்வு உங்க செவுத்துக்கு வராது. நான் படிக்கறதே அதான்."

செங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரப்பருக்கா இவ்ளோ நாளா படிக்கற? நான்கூட டாக்டருக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"இதுவும் டாக்டர்தான்க்கா."

"சரி. ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்கறேன். உன் வார்த்தைக்குத்தான். உங்கண்ணன் வார்த்தைக்கு இல்ல."

அப்போது பங்குனி மாதம். தரணி கணக்கைப் போட்டாள். தறியின் எடை, அடிக்கிற வேகம், ரப்பரின் இளக்கம், காலையிலிருந்து மாலைவரை ஏறக்கூடிய சூடு. கட்டை உயரமானது, ரப்பரோ சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி. மேலே இரும்புக் கால், கீழே சிமெண்டுத் தரை, இரண்டும் எட்டத்தில். நடுவயிற்றுச் சூட்டில் பெரும்பகுதி பக்கவாட்டில்தான் காற்றுக்குப் போயாக வேண்டும். திருப்பதி ஆய்வகத்தில் ஒரு கட்டையை இயந்திரத்தில் வைத்து நாள்கணக்கில் அழுத்திப் பார்த்தாள். அவள் வரைந்த கோட்டின் மேலேயே அளவீடுகள் வந்து உட்கார்ந்தன. வழிகாட்டியான பாலையா சார் திரையைப் பார்த்து, "ம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை.

கட்டைகள் வந்த நாள் வெள்ளிக்கிழமை. புது உருப்படி எதுவானாலும் பூஜை போடாமல் தறியில் ஏற்றுவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. புது மோட்டாருக்கும் உண்டு, புது பெல்ட்டுக்கும் உண்டு. யமுனா தேங்காய் எடுத்து வந்தாள். கட்டைகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தது தரணியேதான். ஒவ்வொரு தறிக் காலாகக் குனிந்து, கட்டையின் நான்கு பக்கமும் பூசி, நடுவில் பொட்டு வைத்தாள். ஆராய்ச்சிக்காரி செய்கிற வேலையா என்று அவளுக்கே ஒரு கணம் சிரிப்பு வந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு சில கட்டைகளின் நடுவில் சூடு பார்க்க மெல்லிய கம்பிகளைச் செருகி, மறுமுனைகளை அளவு பதிகிற ஒரு பெட்டியில் சேர்த்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "யாரும் கட்டைய தொடாதீங்க. கம்பி அறுந்துச்சின்னா போச்சி."

தறிகள் ஓடின. செங்கம்மா தன் வீட்டு அலமாரியின் விளிம்பில் ஒரு டம்ளர் நிறைய தண்ணீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வேண்டுமென்றே விளிம்பில்தான் வைத்தாள். பொய் சொன்னால் விழுந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று. தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. டம்ளர் நகரவில்லை.

"பரவால்ல மேடம்" என்றாள்.

சித்திரை பாதிவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு நாள் யமுனா போன் செய்தாள்.

"தரணி, செங்கம்மாக்கா வூட்ல டம்ளர் வியுந்துச்சாம். தெருவே கேக்கற மாதிரி கத்திக்கினு கீது."

"எப்போ வியுந்துச்சி அண்ணி?"

"மத்தியானம். காலையில நல்லாத்தான் இருக்குதாம். மத்தியானத்துக்கு மேலதான் தறி பழையபடி ஆடுதாம். பழையபடி இன்னா, அதவிட ஜாஸ்தியா ஆடுதுன்றாங்க."

அக்னி நட்சத்திரம் தொடங்கிய சமயம். வெயில்தான் காரணம் என்று தரணி நினைத்தாள். தகரக் கூரை போட்ட ஷெட்டின் மத்தியானச் சூட்டைக் கணக்கில் சேர்த்தாள். கோடு கொஞ்சம் மேலே ஏறியது. ஆனால் ஷெட்டிலிருந்து வந்த அளவீடுகள் அதற்கும் மேலே எங்கோ இருந்தன. அவள் எதிர்பார்த்ததைவிடக் கட்டைகள் வெகு அதிகமாகச் சுட்டன. இளகிப்போன கட்டையின் மேல் நிற்கிற தறி, தன் அடியின் தாளத்துக்கே தானும் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளுவது போல. அப்போது கட்டை இல்லாமல் இருந்ததே நல்லது என்றாகிவிடும். செங்கம்மா சொன்ன "அதவிட ஜாஸ்தி" பொய்யல்ல என்பது தரணிக்குத்தான் முதலில் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவுக்குள் நுழையும்போதே செங்கம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்க மேடம். உங்க ரப்பரு காலைல சாமி, மத்தியானம் பேயி. எதுக்குப் பூஜ போட்டீங்க?"

"அக்கா, வெயிலு கொஞ்சம்..."

"வெயிலு எனக்குத் தெரியாதா? வெயில்லயே பொறந்தவ நான். இந்தா, உள்ள வந்து பாரு." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விரிசலைக் காட்டினாள். சிமெண்டு வைத்துப் பூசியிருந்தாள். அந்தப் பூச்சும் பிளந்திருந்தது. "உன் கணக்குல இது எங்க கீதுன்னு காட்டு."

தரணி பிளந்த பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உன் வார்த்தைன்னு சொன்னேன். ஆடிக் கிருத்திகை வரைக்கும்னு சொன்னேன். சொன்ன வார்த்தைய நான் மாத்த மாட்டேன். ஆனா அதுக்கு மறுநாள் மனு போவும்." குரல் தணிந்திருந்தது. கத்தும்போது அவளிடம் பயப்பட வேண்டியதில்லை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

தமிழரசு ஷெட் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "தரணி, கட்டைய எடுத்துடலாமா? உன்ன கொறை சொல்லல. ஆனா எடுத்துட்டா, மத்தியானத்துக்காவது பழைய ஆட்டம்தான இருக்கும்."

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை திருப்பதியில் பாலையா சாரிடம் சொன்னாள். அவருக்குத் தெலுங்குதான் தாய்மொழி. சித்தூர்க்காரர் என்பதால் தமிழும் கலந்து வரும்.

"ஏமம்மா தரணி, தறி ஷெட்டு லேப் காது, லேப் இல்ல. அங்க ஆயிரம் விஷயம் இருக்கும். லேப் ரிசல்ட் சுத்தமா இருக்கு. ஆ ஷெட் சாப்டர் தீசேய். எடுத்துட்டு சப்மிட் பண்ணு."

"அப்போ அந்தத் தறி சார்?"

"தறி தீசிஸ்ல லேது கதா, அதுல இல்லியே."

அவர் சொன்னதில் குற்றமில்லை. அவளுக்குக் கொடுத்திருந்த காலம் முடிந்துகொண்டிருந்தது. அதை நினைத்துத்தான் சொன்னார். ஆய்வகத்துக் கோடு உண்மை, ஆய்வகத்துக்குள் உண்மை. ஒரு கூற்று எந்த எல்லைக்குள் உண்மை என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகாது. ஆனால் எல்லைக்கு வெளியே ஒருத்தியின் சுவர் இருக்கும்போது, அந்த நேர்மை கொஞ்சம் சௌகரியமான நேர்மையாகத் தோன்றுகிறது. பஸ்ஸில் திரும்பும்போது தரணிக்கு உறுத்தியது அதுதான்.

மடிக்கணினியைத் திறந்தாள். மாதிரியில் ஓர் எண் உண்டு. கட்டையின் பக்கங்களிலிருந்து காற்றுக்கு எவ்வளவு எளிதாகச் சூடு வெளியேறுகிறது என்பதைச் சொல்கிற எண். ஆய்வகத்தில் அளந்து வைத்த எண் அது. அதைக் குறைத்துப் பார்த்தாள். கோடு ஏறியது. இன்னும் குறைத்தாள். இன்னும் ஏறியது. வடமாலப்பேட்டை தாண்டுவதற்குள் கோடு ஷெட்டு அளவீடுகளின் மேல் பிசகாமல் போய் உட்கார்ந்துவிட்டது.

ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. இஷ்டத்துக்குத் திருகினால் எந்தக் கோடும் எந்தப் புள்ளியிலும் உட்காரும். அப்படி உட்கார்ந்ததால் எதுவும் விளங்கிவிடாது. இந்த எண்ணை இவ்வளவு குறைப்பதற்கு என்ன அர்த்தம்? கட்டையைச் சுற்றிக் காற்றே இல்லை என்று அர்த்தம். யாரோ அதற்குக் கம்பளி போர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அக்னி நட்சத்திரத்தில் தறிக்காலுக்கு யார் கம்பளி போர்த்துவார்கள்? சிரித்துக்கொண்டு மடிக்கணினியை மூடினாள். புத்தூர் வந்தது. இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் டிக்கெட் வாங்கியதைக் கேட்டிருந்த மொட்டைத் தலைக்காரர், "அம்மா, புத்தூர்" என்று நினைவுபடுத்தினார். "நகரி போறேங்க" என்றாள்.

ஏகாம்பரகுப்பம் போய்ச் சேர்ந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பூஜை நாளுக்குப் பிறகு அவள் வந்ததெல்லாம் ஞாயிறு காலையில், தறிகள் நின்றிருக்கும்போது. வருவாள், பெட்டியில் பதிவான அளவுகளை எடுப்பாள், போவாள். இன்று ஷெட்டின் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறைந்துகொண்டிருந்தது. காற்றில் பஞ்சுத் தூசு மிதந்தது. நூலிலிருந்து உதிர்கிற அந்தத் தூசு தறித் தெருவில் எங்கும் இருக்கும். கூரையில், சாமி படத்தில், புருவத்தில். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் பெருக்கிவிட வேண்டும் என்று யமுனா துடைப்பத்தோடு வந்தாள். இடுப்பை வளைத்துத் தறிகளுக்கு அடியிலெல்லாம் வீசிப் பெருக்கினாள். சுத்தமான கை. ஆனால் ஒவ்வொரு தறிக் காலுக்கும் அருகே வந்ததும் துடைப்பம் ஒதுங்கிப் போனது. கோயிலில் பலிபீடத்தைச் சுற்றிப் போவது போலக் கட்டைகளைச் சுற்றி ஒரு வட்டத்தை விட்டுவிட்டு அப்பால் போனது. தரணி ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"அண்ணி, அங்க ஏன் பெருக்கல?"

"எங்க?"

"கட்டையாண்ட."

யமுனா நிமிர்ந்தாள். என்ன கேள்வி இது என்பது போலப் பார்த்தாள். "மஞ்ச குங்குமம் வச்ச எடத்துல தொடப்பம் படலாமா? நீதான வச்ச? நீதான தொடாதீங்கன்னும் சொன்ன?"

தரணி மண்டியிட்டாள். கட்டையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொதி இருந்தது. பூஜை போட்ட நாளிலிருந்து உதிர்ந்த தூசெல்லாம், தறியிலிருந்து சொட்டிய எண்ணெயில் ஊறி, அதிர்வில் இறுகி, முரட்டுக் கம்பளிபோலக் கட்டையை நான்கு புறமும் மூடியிருந்தது. விரலை உள்ளே நுழைத்தாள். அடைகாக்கிற கோழியின் வயிற்றுக்குக் கீழே கையை விட்டாற்போல இருந்தது. இன்னும் உள்ளே போனபோது சுட்டது, கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா ஆச்சி?" என்று தமிழரசு கேட்டான். தறிச் சத்தத்தில் அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டு வந்தான்.

"கம்பளி போத்தி இருக்குதுண்ணா. நான்தான் போத்துனேன்."

கணக்கு தவறவில்லை, கணக்குக்குள் தன்னை வைக்க அவள் மறந்திருந்தாள். ஒரு கையால் பொட்டு வைத்து, மறு கையால் கம்பியைச் செருகி, இரண்டு காரணத்துக்காகவும் தொடாதே என்று சொன்ன ஒருத்தியை எந்தச் சமன்பாட்டிலும் அவள் எழுதியிருக்கவில்லை.

"பெருக்குங்க அண்ணி" என்றாள்.

யமுனா அசையவில்லை. "நான் மாட்டேம்மா. நீ வேணா பண்ணு."

தரணி துடைப்பத்தை வாங்கினாள். தூசுக்கு அடியில் மஞ்சளின் விளிம்பு தெரிந்தது. சூட்டைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் படித்த அந்தக் கையும் அங்கே ஒரு கணம் நின்றது. அவளால் முடியவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு விரலால் பிய்த்துப் பார்த்தாள். எண்ணெயில் இறுகிய தூசு பிய்ந்து வரவில்லை, நகம்தான் வலித்தது. எழுந்து, கையைக்கூடத் துடைக்காமல், பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

செங்கம்மா வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தரணி எதையும் மறைக்காமல் சொன்னாள். தூசு, எண்ணெய், குங்குமம், தான் சொன்ன 'தொடாதீங்க', எல்லாவற்றையும்.

செங்கம்மா கேட்டு முடித்தாள். "அப்போ உன் குங்குமந்தான் என் செவுத்த பொளந்துதா?"

"ஆமாக்கா."

"அத பெருக்குனா சரியாப் பூடுமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாள் இருந்தது. தரணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"முக்காவாசி சரியாவும்க்கா. முழுசா ஆவாது. இந்த மாதிரி வெயில்ல சுத்தமான கட்டையும் மத்தியானத்துல கொஞ்சம் எளகும். உங்க செவுத்த ஒட்டின தறிங்கள மட்டும் உச்சி வெயில்ல நிறுத்தி வெக்கணும். மொதல்ல சொன்னப்பவே நான் இத சொல்லியிருக்கணும். எனக்கு அப்போ தெரியல."

செங்கம்மாவின் பார்வை தரணியின் விரல்களுக்குப் போனது. "ஏன் கையெல்லாம் கருப்பு?" என்று கேட்டாள்.

"பிச்சிப் பாத்தேன். வரல."

"தொடப்பம் இல்லியா?"

"அண்ணி மாட்டேன்றாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் கை வரல" என்றாள்.

செங்கம்மா சிரித்தாள். அது கேலிச் சிரிப்புதான்; ஆனால் கேலி முழுவதும் தரணியைப் பற்றியதல்ல. சுவரில் கையூன்றி எழுந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த தன்னுடைய துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

"அக்கா, அக்கா, வேணாங்க்கா" என்று யமுனா குறுக்கே வந்தாள். "பூஜ போட்ட பொருளு."

"நவுரு யமுனா. ஆயுசெல்லாம் ஆஸ்பத்திரி பெருக்குன கை இது. இந்தத் தொடப்பத்தாலதான் அந்தச் செவுத்த எழுப்புனேன். எங்கூட்டு சாமியே இதான். இது பட்டா உன் சாமிக்குத் தீட்டா?"

யமுனா முகம் சிவந்து ஒதுங்கி நின்றாள். செங்கம்மா துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடிப் பக்கத்தால் முதலில் தூசுப் பொதியை நெம்பினாள். அது முழுசாக, ஒரு பழைய தொப்பியைப்போலக் கழன்று வந்தது. பிறகு முனையால் பெருக்கினாள். அடுத்த கால். அதற்கடுத்த கால். கம்பிகள் இருந்த இடத்தில் மட்டும் நின்று, "இது அறுந்தா போச்சின்னியே, இதானா?" என்று கேட்டுவிட்டு விலக்கிப் பெருக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து யமுனா முறத்தை எடுத்து வந்து அவள் பின்னால் அள்ளத் தொடங்கினாள். 

தமிழரசோடு பேச்சுதான் நீண்டது. உச்சி வெயிலில் சுவரோரத் தறிகளை நிறுத்தினால் கூலிக்கு நெய்ய நூல் கொடுக்கிறவர் என்ன சொல்வார் என்றான். எல்லாத் தறியும் நின்றால் என்ன சொல்வாரோ அதைவிடக் கம்மியாகத்தான் சொல்வார் என்றாள் தரணி. அவன் முணுமுணுத்தான், அடுத்த நாளும் முணுமுணுத்தான், ஆனால் நிறுத்தினான்.

கோடை போய்விட்டது. கட்டைகளின் சூடு இறங்கி, ஆய்வகத்து எண்ணுக்கு அருகில் வந்து நின்றது. சரியாக அதன் மேல் அல்ல, அருகில். அந்த அத்தியாயத்தைத் தரணி எடுக்கவில்லை, மாற்றி எழுதினாள். தூசு ஏன் அகற்றப்படவில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டிய இடம் ஒன்று வந்தது. வெகுநேரம் யோசித்து, ஆங்கிலத்தில், உள்ளூர்த் துப்புரவுப் பழக்கம் என்று மட்டும் எழுதினாள். எழுதியது உண்மைதான். மஞ்சளும், யமுனாவின் சிவந்த முகமும், செங்கம்மா கேட்ட கேள்வியும் அதில் இல்லை. பாலையா சார் அந்த வரியில் ஒரு கணம் நின்றார்.  கடைசிப் பக்கத்தை மூடி, "பர்வாலேது" என்றார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணிக்குக் காவடி போகிறவர்களால் தெரு மஞ்சளாக நிறைந்தது. தறிகள் எல்லாம் நின்றிருந்தன. ஷெட்டு வாசலில் தமிழரசு புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தாலும் முகம் வேட்டியைப் போல இல்லை. மறுநாளைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

மறுநாள் தறி ஓடத் தொடங்கிய பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், தரணி செங்கம்மா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, மனு..."

"இன்னா மனு?" செங்கம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "காவடிக்கி வந்தவங்களுக்கு ஆக்கிப் போட்டே முதுகு ஒடஞ்சி போச்சி. ஆபீஸ் ஆபீஸா சுத்த எனக்கு ஏது காலு?" தலையைத் தூக்காமலே சொன்னாள். "உங்கண்ணன் கிட்ட சொல்லு. விரிசல பூசறதுக்கு அவனே கொத்தனார கூட்டியாரணும். சிமெண்டு நான் போட மாட்டேன். வெயில் காலம் வந்தா திரும்ப பாப்பேன். மனு எங்கயும் ஓடிப் போவாது."

"சரிக்கா."

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் வந்துதான் அந்தக் கட்டைங்கள பெருக்குவேன். உங்கண்ணி பக்கத்துல நிக்கட்டும். பெருக்கி முடிச்சதும் அவளே புதுசா பொட்டு வெச்சிக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல."

தரணி அலமாரியைப் பார்த்தாள். டம்ளர் அங்கேயே இருந்தது, தண்ணீரும் இருந்தது. சுவருக்கு அப்பால் நாடா அறைகிற ஒவ்வொரு தடவைக்கும் தண்ணீரின் மேல்பரப்பில் மெல்லிய வட்டம் ஒன்று தோன்றி மறைந்தது. ஆனால் டம்ளர் விளிம்பில் இல்லை. ஒரு முழம் உள்ளே, சுவரோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.